சாலைச் சோதனையும் கைப்பேசியின் அந்தரங்கமும்

சாலையில் வண்டி ஓட்டிச் செல்லும் ஒவ்வொருவருக்கும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. தெரு முனையில் இரும்புத் தடுப்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. சீருடையணிந்த காவலர் ஒருவர் கையை நீட்டுகிறார். வண்டி ஓரமாக நிற்கிறது. "லைசென்சு எங்கே? ஆர்.சி. எங்கே?" என்ற கேள்விகள் எழுகின்றன. முன்பெல்லாம் இக்கேள்விகளுக்கு விடையாகச் சட்டைப்பையிலிருந்தோ வண்டியின் பெட்டியிலிருந்தோ பழைய உறை ஒன்று வெளிப்படும். இன்று பெரும்பாலும் கைப்பேசி வெளிப்படுகிறது. ஓட்டுநர் உரிமம் அதில் இருக்கிறது. வண்டியின் பதிவுச் சான்றிதழ் அதில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பத்திரமும் புகைச் சான்றிதழும் அதிலேயே இருக்கின்றன. இவற்றோடு நம் குடும்பம், தொழில், நட்பு, நோய், கடன் ஆகியவை பற்றிய செய்திகளும் அதே கருவிக்குள் இருக்கின்றன. ஆகவே புதியதொரு கேள்வி பிறக்கிறது. உரிமத்தைக் காட்டும் பொருட்டு நாம் திறந்து நீட்டுகின்ற கைப்பேசிக்குள் காவலர் எவ்வளவு தூரம் பார்க்கலாம்? இக்கேள்வியையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

முதலில் இக்கருவியின் இயல்பைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். பேசுவதற்கென்று வந்த பொருள், நாளடைவில் கடிதப் பெட்டியாயிற்று, புகைப்படத் தொகுப்பாயிற்று, வங்கிக் கணக்குப் புத்தகமாயிற்று, நாட்குறிப்பாயிற்று. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு அதில் இருக்கிறது. மனைவிக்கும் கணவனுக்கும் இடையே நடந்த ஊடல் அதில் இருக்கிறது. வக்கீலிடம் கேட்ட ஆலோசனை அதில் இருக்கிறது. சென்ற ஆண்டு இதே நாளில் நாம் எந்த ஊரில் இருந்தோம் என்பதையும், நாமே மறந்துவிட்ட பின்னரும், அது சொல்லிவிடும். ஒரு வீட்டைச் சோதனையிட்டு அலமாரிகளையெல்லாம் கவிழ்த்தாலும் ஒரு மனிதனைப் பற்றி இவ்வளவு அறிய முடியாது. இத்தகைய பொருள் சட்டைப்பைக்குள் அடங்கிவிடுவதால் மட்டுமே, தீப்பெட்டியைப் போலவும் சீப்பைப் போலவும் அதனைக் கருதிவிடுவது பொருந்துமா?

இனி, சட்டம் நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, சீருடையில் உள்ள காவல் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் தம் உரிமத்தைப் பார்வைக்குக் காட்ட வேண்டும் என்கிறது. 158ஆம் பிரிவு இன்ஷூரன்ஸ், பதிவுச் சான்றிதழ், புகைச் சான்றிதழ் முதலியவற்றைக் காட்டும் கடமையை விதிக்கிறது. இவற்றில் நமக்கு வழக்கு ஏதுமில்லை. சாலை பொதுச் சொத்து. அதில் உரிமம் இல்லாதவர் வண்டி ஓட்டினால் இடர்ப்படுபவர் அவர் மட்டும் அல்லர். எதிரே வருபவரும், ஓரமாக நடந்து செல்பவரும், பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் இடர்ப்படுவர். ஆகவே நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதும், கேட்ட ஆவணங்களைக் காட்டுவதும் நம் கடமையே ஆகும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139ஆவது விதி, இந்த ஆவணங்களைக் காகித வடிவிலோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்று இடங்கொடுக்கிறது. டிஜிலாக்கர், எம்பரிவாஹன் என்னும் அரசுச் செயலிகள் இதற்குப் பயன்படுபவை. அந்த விதியில் 2020ஆம் ஆண்டு மேலும் ஒரு திருத்தம் வந்தது. அதிகாரி மின்னணு முறையில் ஆவணத்தின் விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டால், காகித ஆவணத்தைக் கேட்கக் கூடாது என்பது அத்திருத்தம். அதாவது, வண்டி எண்ணையோ உரிம எண்ணையோ சொன்னால், அதிகாரி தம்மிடமுள்ள கருவியிலேயே உண்மையைக் கண்டுகொள்ளலாம். இவ்வளவு வசதி ஏற்பட்ட பிறகு, ஓட்டுநரின் கைப்பேசி அதிகாரியின் கைக்கு மாற வேண்டிய தேவை யாது? ஒன்றுமில்லை என்பதே நேரான விடை. காட்டுவது என்பது வேறு. ஒப்படைப்பது என்பது வேறு. ரேஷன் அட்டையைப் பார்க்க வந்த அதிகாரிக்கு நாம் வாசலில் நின்று அட்டையைக் காட்டுகிறோம். அதனால் அவர் சமையலறைக்குள் நுழைந்து பானைகளைத் திறந்து பார்க்க உரிமை பெற்றவர் ஆகிவிடுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு ஐயம் எழலாம். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது குற்றம் அன்றோ? அந்தக் குற்றத்தை மெய்ப்பிக்கக் கைப்பேசியைத் திறந்து பார்க்க வேண்டாமா? குற்றம் என்பது உண்மையே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், கையில் பிடித்த கைப்பேசியைப் பயன்படுத்திக்கொண்டு ஓட்டுதல் 184ஆம் பிரிவின்கீழ் ஆபத்தான ஓட்டுதலாகக் கருதப்படலாம். முதல் தடவை அபராதம் மட்டும் 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஆயினும் அக்குற்றத்தைக் காண வேண்டியது அதிகாரியின் கண். பதிவு செய்ய வேண்டியது சாலையிலுள்ள கேமரா. கைப்பேசி காதோடு இருந்ததா, கையில் இருந்ததா என்பதே அங்கே கேள்வி. யாரோடு பேசினார், என்ன எழுதினார் என்பதை அந்தக் குற்றத்திற்கு அபராதம் விதிப்பவர் அறிய வேண்டியதில்லை.

இது வெறும் கற்பனைக் கவலை அன்று. 2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கஞ்சா ஒழிப்பு நடவடிக்கை தீவிரமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், ஹைதராபாத் நகரச் சாலைகளில் காவலர்கள் இளைஞர்களை நிறுத்தி, கைப்பேசியைத் திறக்கச் செய்து, வாட்ஸ்அப் செய்திகளில் "கஞ்சா" முதலிய சொற்களைத் தேடிப் பார்த்தனர். அந்தக் காட்சிகள் படமாகப் பதிவாகி நாடெங்கும் பரவின. பத்திரிகையாளர் கேட்டபோது, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மக்கள் தாமே ஒத்துழைக்கிறார்கள், எவரும் முறையிடவில்லை என்ற விதமாகக் காவல்துறைத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. இந்த விளக்கத்தை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம். சிறிது நேரத்தில் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கும். அதற்கு முன், அந்தரங்கம் என்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் என்ன இடம் உண்டு என்று காண்போம்.

நம் அரசியல் சட்டத்தில் அந்தரங்கம் என்ற சொல் அடிப்படை உரிமைகளின் வரிசையில் எழுதப்படவில்லை. 1954ஆம் ஆண்டில் எம். பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் அமர்ந்து, சோதனையிடும் அதிகாரத்திற்கு எதிராக அத்தகைய உரிமையை நம் அரசியல் சட்டத்திற்குள் கொண்டுவர இயலாது என்று கருதினர். 1962ஆம் ஆண்டில் கரக் சிங் என்பவரின் வழக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தில், கொள்ளை வழக்கொன்றில் சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்ட அவரைக் காவல்துறையினர் தொடர்ந்து கண்காணித்தனர். நள்ளிரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, உறக்கத்திலிருந்து எழுப்பினர். இரவில் வீடு தேடிச் செல்லும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. ஆனால், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. நீதிபதி சுப்பா ராவ் மட்டும், நீதிபதி ஷா உடன்பட, அது தனிமனித சுதந்தரத்தின் இன்றியமையாத பகுதி என்று மாறுபட்டு எழுதினார்.

அந்தச் சிறுபான்மைக் கருத்து வெற்றி பெற அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்தரங்கம் அடிப்படை உரிமையே. அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உயிருக்கும் சுதந்தரத்திற்கும் உள்ளுறைந்து நிற்பது அது என்று அவர்கள் கூறினர். பழைய தீர்ப்புகளில் இதற்கு முரணாயிருந்த பகுதிகள் நீக்கப்பட்டன. அந்தரங்கத்தில் அரசு தலையிடவே கூடாது என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. தலையிட வேண்டுமாயின் மூன்று தேர்வுகளில் தேற வேண்டும் என்று சொன்னது. அத்தலையீட்டிற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். நோக்கத்திற்கு வேண்டிய அளவுக்கு மேல் தலையீடு மிகாதிருக்க வேண்டும்.

இம்மூன்று தேர்வுகளையும் சாலைச் சோதனைக்கு வைத்துப் பார்ப்போம். நோக்கம் நியாயமானதே; போதைப் பொருளை ஒழிப்பதை யார் வேண்டாமென்பர்? ஆனால், போக்குவரத்துச் சோதனைக்காக நிறுத்தப்பட்ட யாராயிருந்தாலும் அவருடைய கைப்பேசிச் செய்திகளைப் படிக்கலாம் என்று கூறும் சட்டம் எது? மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. அளவு என்னும் தேர்வோ இன்னும் கடினமானது. நூறு பேரின் கடிதங்களைப் பிரித்துப் படித்து ஒருவனைப் பிடிக்கலாம் என்பது வலையின் இலக்கணம். சந்தேகத்திற்குக் காரணம் முதலில் இருக்க வேண்டும், சோதனை பின்னர் வர வேண்டும் என்பது சட்டத்தின் இலக்கணம்.

குற்றப் புலனாய்வுக்கான அதிகாரங்கள் தனியே உள்ளன. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 94ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றமோ, போலீஸ் நிலையத்தின் பொறுப்பு அதிகாரியோ எழுத்து மூலம் ஆணையிட்டு, விசாரணைக்கு வேண்டிய கைப்பேசி முதலிய கருவிகளைக் கொண்டுவரச் செய்யலாம். 185ஆம் பிரிவின்படி, தாமதித்தால் காரியம் கெடும் என்ற அவசர நிலையில், நிலையப் பொறுப்பு அதிகாரியோ புலனாய்வு அதிகாரியோ வாரண்டு இன்றியே தேடுதல் நடத்தலாம். எனினும், அவ்வாறு நம்புவதற்குரிய காரணத்தையும், தேடப்படும் பொருளையும் முன்னதாக எழுதி வைக்க வேண்டும். தேடுதலை ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்ய வேண்டும். எழுதியவற்றின் நகலை 48 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். இத்தனை வேலிகளும் எதற்காக? அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எதற்காகப் பயன்படுகிறது என்பது பின்னர் ஒருவர் படித்து ஆராயக்கூடியதாய் இருக்க வேண்டும் என்பதற்காகவே. சாலைத் தடுப்பின் அருகே நின்று, விரல் போன போக்கில் பிறர் செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதில் இவற்றுள் ஒரு வேலியும் இல்லை.

காவலருக்கு வேறு அதிகாரங்களும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. திருட்டுப் பொருள் என்று ஐயுறத்தக்க கைப்பேசியையும், குற்றம் நடந்திருப்பதாக ஐயந்தரும் சூழ்நிலையில் காணப்படும் பொருளையும் 106ஆம் பிரிவின்கீழ் எந்தக் காவல் அதிகாரியும் கைப்பற்றலாம். ஒருவர் முறைப்படி கைது செய்யப்பட்டால், 49ஆம் பிரிவின்படி அவரிடமுள்ள பொருள்களை எடுத்து வைத்து, அவற்றுக்கு ரசீது கொடுக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம், குற்றம் செய்தவர் என்று நம்பக் காரணமுள்ளவரைப் பொது இடத்திலும் சோதனையிட அனுமதிக்கிறது. இவை யாவற்றிலும் "காரணம்" என்னும் சொல்லோ அதன் பொருளோ ஊடுருவி நிற்பதைக் கவனிக்க வேண்டும். மேலும், ஒரு பெட்டியைக் கைப்பற்றுவது ஒன்று, அதைத் திறந்து உள்ளே இருப்பதைப் படிப்பது மற்றொன்று. 2021ஆம் ஆண்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் விரேந்திர கன்னா வழக்கில் இந்த வேறுபாட்டை மதித்தது. கைப்பேசியின் உள்ளடக்கத்தைச் சோதிக்கப் பொதுவாக வாரண்டு வேண்டும், அவசர நிலையாயின் காரணங்களை எழுதி வைத்த பின்னரே சோதிக்கலாம் என்பது அத்தீர்ப்பின் போக்கு.

கடவுச்சொல்லைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாமா என்பது இதனோடு பிறந்த கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. கைரேகையும் கையெழுத்து மாதிரியும் அத்தகைய சாட்சியம் ஆகா என்று 1961ஆம் ஆண்டில் காத்தி காலு ஒகாட் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கூறினர். மனத்திலுள்ளதை மருந்து கொடுத்து வெளிக்கொணர்தல் ஆகாது என்று 2010ஆம் ஆண்டில் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கடவுச்சொல் இவ்விரண்டில் எதனைச் சேர்ந்தது? விரேந்திர கன்னா வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைக் கைரேகையின் பக்கம் வைத்தது. 2022ஆம் ஆண்டில் டில்லிச் சிறப்பு நீதிமன்றம் ஒன்று அதை மனத்தின் பக்கம் வைத்தது. 2023ஆம் ஆண்டில் டில்லி உயர் நீதிமன்றமும் கடவுச்சொல்லைச் சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரை நெருக்கலாகாது என்றது. நீதிபதிகளே இவ்வாறு வேறுபடும் ஒரு பொருளில், சாலையோரத்தில் நின்றபடியே முடிவு சொல்லும் அதிகாரம் ஒரு காவலருக்கு எங்கிருந்து வரும்? குற்றம் சாட்டப்பட்டவருக்கே இவ்வளவு காப்பு பேசப்படும்போது, எந்தக் குற்றமும் சாட்டப்படாமல் வெறுமனே நிறுத்தப்பட்டவருக்கு அதனினும் குறைந்த காப்புதானா?

இனி, "மக்கள் தாமே ஒத்துழைக்கிறார்கள்" என்ற விளக்கத்திற்கு வருவோம். சம்மதம் என்பது மறுக்க முடிந்தவன் கொடுப்பது. உணவுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து, குறித்த நேரத்திற்குள் கொண்டு சேர்க்க வேண்டிய இளைஞனை எண்ணிப் பாருங்கள். வாடகை ஆட்டோவின் அன்றாடக் கட்டணத்தை இன்னும் ஈட்டாத ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். இரவு வேலை முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். வண்டிச் சாவி காவலரின் கையில் இருக்கிறது. சுற்றிலும் நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். "போனைத் திற" என்ற சொல் வருகிறது. அந்த நேரத்தில் "எந்தச் சட்டப் பிரிவின்கீழ் கேட்கிறீர்கள், ஐயா?" என்று வினவும் துணிவு எத்தனை பேருக்கு உண்டாகும்? மோட்டார் காரில் வருபவர் ஒருவேளை கேட்கலாம். அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருப்பார். ஏனையோர் திறந்து கொடுத்துவிட்டுப் போவர். முறையீடு வரவில்லை என்பதற்கு மக்கள் மனம் நிறைந்து இசைந்தனர் என்று பொருள் கொள்ள முடியாது. முறையிடப் போனால் மற்றொரு நாள் கூலி போகும் என்று அறிந்தவர்கள் வாய்மூடிச் சென்றனர் என்று கொள்வதே உலகியலுக்கு ஒத்தது.

"நேர்மையானவனுக்கு அச்சம் எதற்கு? மறைக்க ஒன்றுமில்லையென்றால் காட்டிவிட்டுப் போகலாமே" என்று சொல்வாரும் உளர். நேர்மையானவனும் குளிக்கும்போது கதவைத் தாழிடுகிறான். மேலும், கைப்பேசியில் இருப்பவை நம்முடையன மட்டும் அல்ல. ஒரு கடிதத்திற்கு எழுதியவர் ஒருவர், பெற்றவர் ஒருவர் என இரு உரிமையாளர் உண்டு. தன் நோயைப் பற்றித் தம்பிக்கு எழுதிய தமக்கை, சாலையில் நிறுத்தப்படவில்லை. மகளின் திருமணப் பேச்சைப் பற்றி எழுதிய மாமா, சந்தேகத்திற்கு ஆளாகவில்லை. தம் பெயர் வெளிவரலாகாது என்று நிருபரிடம் செய்தி சொன்ன ஊழியர், எந்த இசைவும் தரவில்லை. ஒருவருடைய கைப்பேசி திறக்கப்படும்போது, அங்கே இல்லாத பலருடைய கதவுகளும் உடன் திறக்கப்படுகின்றன.

பிற நாட்டார் இக்கேள்வியை எவ்வாறு தீர்த்தனர் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் டேவிட் ரைலி என்பவரின் கார், பதிவுக் காலம் கடந்துவிட்டதன் பொருட்டு நிறுத்தப்பட்டது. காரில் துப்பாக்கிகள் கிடைக்கவே அவர் கைதானார். அவர் கைப்பேசியை வாரண்டு இன்றித் திறந்து பார்த்த காவலர்கள், அதிலிருந்தவற்றைக் கொண்டு வேறொரு பெரிய குற்றத்தோடு அவரைத் தொடர்புபடுத்தினர். 2014ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பில், ஒருமனதாகச் சொன்னது இது: கைதானவரின் கைப்பேசியே ஆயினும், அதிலுள்ள செய்திகளைப் பார்ப்பதற்குப் பொதுவாக வாரண்டு வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற அவசர நிலைகளுக்கு மட்டும் அது விலக்கு வைத்தது. கவனியுங்கள்: அவர் குற்றமற்றவர் என்று அந்நீதிமன்றம் சொல்லவில்லை. சாட்சியத்தைத் தேடும் வழி சட்டத்தின் வழியாய் இருக்க வேண்டும் என்றே சொன்னது.

நம் நாட்டு நிலை ஒரு முக்கியமான வகையில் வேறானது. முறை தவறி நடத்திய சோதனையில் கிடைத்த சாட்சியமாயினும், வழக்குக்குப் பொருத்தமுடையதாயின் அதைப் பொதுவாக ஏற்கலாம் என்று 1973ஆம் ஆண்டில் பூரண் மல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே, "முறையின்றி எடுத்த சாட்சியம் நீதிமன்றத்தில் நிற்காது" என்ற நம்பிக்கை நம்மைக் காப்பதற்குப் போதாது. பின்னால் கிடைக்கும் பரிகாரம் மெலிந்திருப்பதால், முன்னால் வைக்கும் வேலி வலுவாய் இருத்தல் வேண்டும். சோதனை நடந்த பின் அழுது பயனில்லை. நடக்கும் முன்பே விதி இருக்க வேண்டும்.

இத்தகைய விதி காவலர்களுக்கும் நன்மையே செய்யும். வெயிலிலும் புகையிலும் பல மணி நேரம் நின்று கடமையாற்றும் அவர்களுடைய இன்னலை நாம் அறியாதவர் அல்லோம். காணாமற்போன குழந்தையைத் தேடும் வேளையிலும், விபத்தில் நினைவிழந்து கிடப்பவரின் உறவினரைக் கண்டுபிடிக்க வேண்டிய வேளையிலும், ஒரு கைப்பேசி உயிர் காக்கும் கருவியாகிறது. அத்தகைய அவசரங்களைச் சட்டம் தடுக்கலாகாது. ஆனால், எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பது தெளிவாக எழுதப்படாதவிடத்தில், மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவுக்கும் மக்களின் கோபத்துக்கும் இடையே அகப்பட்டுக்கொள்பவர் தெருவில் நிற்கும் காவலரே. வேறொன்றும் உண்டு. மின்னணு ஆவணத்தைச் சான்றாக வைப்பவர், அது மாற்றப்படாதது என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் தர வேண்டும் என்று பாரதிய சாக்ஷ்ய அதிநியம் கேட்கிறது. சாலையில் பலர் விரல் பட்டுத் திறந்து மூடிய கைப்பேசி, உண்மைக் குற்றவாளியின் வக்கீலுக்கே வாதம் தேடிக் கொடுக்கும்.

2023ஆம் ஆண்டில், பத்திரிகையாளர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், மின்னணுக் கருவிகளைக் கைப்பற்றுவதற்கு நெறிமுறைகள் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. அதுவரை, மத்தியப் புலனாய்வுத் துறையின் 2020ஆம் ஆண்டுக் கையேட்டைப் பின்பற்றுவதாக அரசு தெரிவித்தது. அக்கையேடு புலனாய்வில் கைப்பற்றப்படும் கருவிகளுக்கு உரியது. தெருமுனைச் சோதனைக்கு எளிய தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும், ஒவ்வொரு மாநில மொழியிலும், ஒரு பக்கத்தில் அடங்கும் விதி வேண்டும்: வாகன ஆவணங்களைப் பார்க்கலாம்; கைப்பேசியை வாங்கலாகாது; உள்ளே தேட வேண்டுமாயின் எழுத்து மூலம் காரணம் வேண்டும். தடுப்பின் அருகிலேயே அதை எழுதி வைத்தாலும் தகும்.

அது வரும் வரையில் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம், மரியாதையாகப் பேசுவோம். இயலுமாயின் உரிமத்தையும் பதிவுச் சான்றிதழையும் காகிதத்திலோ அட்டையிலோ உடன் வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் காட்ட நேர்ந்தால், நம் கையிலேயே பிடித்துக்கொண்டு காட்டுவோம். உரிம எண்ணைச் சொல்லிச் சரிபார்க்க வேண்டுவோம். ஒரே பக்கம் மட்டும் தெரியும்படி திரையை நிறுத்தி வைக்கும் வசதி பல கைப்பேசிகளில் உண்டு, அதைப் பழகிக்கொள்வோம். செய்திகளைப் படிக்கக் கேட்டால், "எழுத்து மூலமான ஆணை உண்டா, ஐயா?" என்று அமைதியாகக் கேட்போம், நாம் இசையவில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்வோம். வலிந்து எடுத்தால் பிடித்து இழுக்க வேண்டாம். அது வேறொரு வழக்குக்கு வழிவகுக்கும். நிறுத்தியவுடன் செய்திகளை அழிப்பதும் வேண்டாம். அதுவே சந்தேகத்தை வளர்க்கும். கைப்பேசியைக் கைப்பற்றினால் ரசீது கேட்போம். அதிகாரியின் பெயர், இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, போலீஸ் கமிஷனருக்கோ மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ, மாநில மனித உரிமை ஆணையத்துக்கோ எழுதுவோம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச உதவியைக் கேட்கலாம்.

நேயர்களே, ஒன்பது நீதிபதிகள் எழுதிய பெரிய தீர்ப்பு தலைநகரில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பின் பயன், இரவு பத்து மணிக்குத் தெருவிளக்கின் கீழ் நிற்கும் ஒரு தொழிலாளிக்குக் கிடைக்கிறதா என்பதே அதன் உண்மையான அளவுகோல். சட்டம் தெரிந்தவனுக்கு மட்டும் பயன்படும் உரிமை, அரைகுறை உரிமையே. கேட்கத் தெரியாதவனுக்கும் தானே வந்து துணை நிற்கும்படி அதை எழுதி வைக்க வேண்டியது ஆள்வோர் கடமை. எழுதும்படி கேட்க வேண்டியது நம் கடமை.